போகாத வளையம்

கேஜ்காரி என்ற பேர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பம்பு கம்பெனியில் சேர்ந்த இரண்டாவது மாதமே, அப்போதிருந்த பெரிய மேஸ்திரி செய்த நாற்பது சாமானைத் திருப்பி அனுப்பினாள். அவர் குதி குதி என்று குதித்தார். நேற்று வந்த பெண் எனக்கு அளவு சொல்கிறதா என்று ஷெட்டே அதிரக் கத்தினார்.  அவள், கேஜ் என்கிற அளவு பார்க்கும் வளையத்தையும் சாமானையும் அவர் கையில் கொடுத்து, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று நின்றாள். போட்டுப் பார்த்தார். அன்றைக்கு அடங்கியவர்தான், ஓய்வு பெறுகிற வரைக்கும் அவளைக் கேஜ்காரி என்றே கூப்பிட்டார். முதலில் அதில் எரிச்சல் இருந்தது, போகப் போக மரியாதை ஆகிவிட்டது. இருபத்து நான்கு வருஷம் ஓடிப்போயிற்று. இன்றைக்கும் அவள் வருவதைப் பார்த்தால் காய்கறிக் கடைக்காரர் தராசுத் தட்டை ஒரு தடவை துடைத்து வைக்கிறார்.

அவள் வேலையைச் சொல்வது லேசு. பம்புக்குள் சுழல்கிற தண்டுக்கு ஷாஃப்ட் என்று பேர். அதன் இரண்டு முனையிலும் பேரிங் கிண்ணென்று உட்கார வேண்டும். அதைப் பார்க்க இரண்டு எஃகு வளையங்கள். ஒன்று போகிற வளையம், அது முனையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இன்னொன்று போகாத வளையம், அது வாயிலேயே நின்றுவிட வேண்டும். போகாதது போய்விட்டால் ஷாஃப்ட் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு ஷாஃப்டைப் பம்பில் போட்டால் ஆறாம் மாதம் உறுமத் தொடங்கும், எட்டாம் மாதம் நின்றுபோகும். எல்லாம் சரியாக இருந்தால் ஷாஃப்டின் தலையில் ஏழு என்ற தன் முத்திரையை வைத்து ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான் வேலை. அதற்குத் தலைகீழாய் நின்று கெஞ்சியவர்களையும் பார்த்திருக்கிறாள், மிரட்டியவர்களையும் பார்த்திருக்கிறாள்.

அவள் புருஷன் அதே கம்பெனியில் ஷாஃப்ட் தேய்க்கிற கிரைண்டிங் மெஷினில் இருந்தார். மூன்றாம் நம்பர் மெஷின். ஷெட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அவர் அவளுக்குப் புருஷன் இல்லை, மூணாம் மெஷின். "மூணாம் மெஷின்ல பத்து பீஸ் தேங்கியிருக்கு, எடுத்துட்டு வாங்க" என்பாள். அவரும் "இன்ஸ்பெக்‌ஷன்ல கேளுங்க" என்று யாரோ மாதிரி சொல்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அந்த ஊரில் இன்றைக்கு யாரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை, கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடிக்கொண்டு வந்தன. முதலில் சைக்கிள் செயின் கம்பெனி போயிற்று. பிறகு தையல் மெஷின். பிறகு வார்ப்படச் சாலை, அதன் புகைக்கூண்டை இடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கப்பலில் வந்து இறங்குகிற சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும்போது இங்கே செய்ததை எவன் வாங்குவான் என்று முதலாளிகள் கையை விரித்தார்கள். போல்ட்டு கம்பெனிக் கட்டிடத்துக்குள் கண்ணாடித் தடுப்பும் குளிர்சாதனமும் வைத்து, தொலைபேசியில் புகார் கேட்கிற அலுவலகம் ஒன்று வந்தது. இவர்கள் மகள் அங்கேதான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எங்கேயோ இருக்கிறவர்களின் துணி துவைக்கும் மெஷினைப் பற்றிய வசவுகளை நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக மிஞ்சியது பம்பு கம்பெனி. அதன் கதவிலும் போன மாதம் காகிதம் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவதாக முடிவாயிற்று.

அதற்குள் ஒரே ஒரு ஆர்டர் முடிய வேண்டும். நூற்றிருபது பம்பு. மலைமேல் இருக்கிற நாலைந்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றுவதற்கு. மற்றதெல்லாம் தயாராகிக் காத்திருந்தது. ஷாஃப்ட் மட்டும்தான் பாக்கி.

மெஷின்கள் விலைபோய்விட்டன. மூன்றாம் நம்பரை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். புதன்கிழமை காலையில் லாரியோடு வருவதாகப் பேச்சு. அவர் மெஷினோடு சேர்த்து மெஷின்காரரையும் கேட்டிருந்தார். ஐம்பத்தொரு வயதில் ஒருவனைத் தேடி வந்து வேலை கொடுப்பது சாதாரண விஷயமா? ஊரில் அந்த வயதுக்காரர்கள் எல்லாம் கட்டிடங்களின் வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, இவர் செய்த கடைசி லாட்டின் இன்ஸ்பெக்‌ஷன் தாளைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்றிருந்தார். அதற்கென்ன, பதினோரு வருஷமாக அவர் மெஷினிலிருந்து ஒரு சாமான் திரும்பி வந்ததில்லை. வீட்டில் மூன்று பேரும் அந்த வேலை கிடைத்துவிட்ட மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நூற்றிருபது ஷாஃப்டும் ஒரே லாட்டாக அவள் மேஜைக்கு வந்தன. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஷாஃப்டுகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. குனிந்தால் முகம் தெரிந்தது, நெற்றி வியர்வை கூடத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு லாட்டை அவள் பார்த்ததில்லை.

அழகாக இருக்கிறதே என்று மனசு பொங்கியது. அந்தப் பொங்கலோடுதான் முதல் ஷாஃப்டைத் துடைத்து வளையத்தைப் போட்டாள். போகிறது போயிற்று. போகாததை வைத்தாள். அதுவும் போயிற்று.

வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்று கழுவினாள். மறுபடி போட்டாள், சறுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்ததை எடுத்தாள். அடுத்தது. பத்து, இருபது. சாமான் இன்னும் சூடாக இருக்கிறதோ என்று ஒரு மணி நேரம் ஆறவிட்டாள். மைக்ரோமீட்டரை எடுத்துத் திருகிப் பார்த்தாள். ஒரு தலைமுடியை ஏழாகக் கிழித்தால் அதில் ஒரு பங்கு இருக்குமே, அவ்வளவு குறைந்திருந்தது. நூற்றிருபதிலும் குறைந்திருந்தது.

எப்படி ஆயிற்று என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஷின் சரியான அளவுக்குத்தான் தேய்த்திருக்கிறது. ஆனால் கடைசி லாட் என்று மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் சுழலவிட்டு, உப்புக் காகிதத்தைப் பிடித்துக் கையால் மெருகேற்றியிருக்கிறார். ஒரு வாரமாக வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் கறுத்துக் கிடந்ததும், சாப்பிடும்போது வாய்க்குள் பாட்டு முணுமுணுத்ததும் இப்போது புரிந்தது. நல்லாச் செய்ய வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே கெடுத்து வைத்திருந்தார். அரைகுறை வேலைக்காரனுக்கு இந்தத் தப்பு செய்யவே தெரியாது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை மூடினாள்.

ஃபோர்மேன் வந்தார். இவர்கள் இரண்டு பேரையும் அக்கா அண்ணே என்று கூப்பிட்டே வளர்ந்தவர், நல்ல மனிதர், அன்றைக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவள் வளையத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, நுனியில் பஞ்ச் ஆணி வைத்து நாலு புள்ளி தட்டினால் அந்த இடம் உப்பிக்கொள்ளும், பேரிங் இறுகிவிடும் என்றார். அது எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டாள். எட்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"அக்கா, நான் தப்பாச் சொல்லல. வெள்ளிக்கிழமைக்கு மேல இங்க கம்பெனியே கிடையாது. அண்ணனுக்கு அந்த வேலை கிடைக்கணும்னா இந்தத் தாள் சுத்தமா இருக்கணும். நீங்க அடிச்சுடுங்க. நான் பாக்கல."

"நான் பாத்துட்டேனே" என்றாள் அவள்.

முத்திரையை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.  தாளில் கையெழுத்துப் போட்டால் மலைமேல் எவளோ ஒருத்தி எட்டாம் மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். போடாவிட்டால் தன் புருஷன் நாற்காலிக் காவலுக்குப் போக வேண்டும். நடுவில் நிற்கிறவள் தான் ஒருத்தி. இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக இந்த வேலையைச் சபித்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்வது அந்த வீட்டு வழக்கம். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவர் இரண்டு வாய் சாப்பிடுகிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு சொன்னாள். லாட் தேறவில்லை என்றாள்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "எத்தனை?"

"மொத்தமும்."

"ரிங்கு தேஞ்சிருக்கும்."

"புது ரிங்கு. மைக்ரோமீட்டர்லயும் பாத்துட்டேன்."

"பதினோரு வருஷமா என் மெஷின்லேர்ந்து ஒண்ணு திரும்பி வந்ததில்ல."

"தெரியும். பாத்து அனுப்பினது நான்தானே."

 அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, கட்டின புருஷனுக்குக் குழி தோண்ட உனக்கு இன்றைக்குத்தான் நாள் கிடைத்ததா என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலை.

"உப்புத்தாள் பிடிச்சீங்களா?" என்றாள்.

"கடைசியா வெளிய போற சாமான். நம்ம ஊர்ப் பேரு அதுல இருக்கு. பாக்கறவன் ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும்னு நினைச்சேன்." 

அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்பா பக்கம்தான் மனசு. "ஏம்மா, யாரு வந்து கேக்கப் போறா? நான் நாளெல்லாம் இதைத்தானே கேட்டுட்டிருக்கேன். புகார் சொல்றவன் ரெண்டு தடவை கூப்பிடுவான், மூணாவது தடவை அலுத்துப்போயிடுவான். இங்க கூப்பிடறதுக்கு நம்பரே இருக்காது. எங்க சூப்பர்வைசர் சொல்வார், ஜனங்க சீக்கிரம் மறந்துடுவாங்கன்னு."

அவர் தலையை நிமிர்த்தி மகளையே பார்த்தார். கண் சிமிட்டாமல் பார்த்தார். மகள் பயந்துபோய், நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே என்றாள்.  அவர் பாதித் தட்டோடு எழுந்து கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, அந்தக் கறுப்புப் போகிற வரைக்கும் கழுவினார். பிறகு போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் அவள் எழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள், கேட்டைத் தாண்டியதும்தான் யாரோ ஆவார்கள்.  ஃபோர்மேனோடு சேர்ந்து பஞ்ச் தட்ட உட்கார்ந்துவிட்டாரோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அப்படி இருந்தால் அந்த முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று இன்னொரு நினைப்பு. டிபன் பாக்ஸை மறந்துவிட்டு ஓடினாள்.

கேட்டில் லாரி நின்றது. ஷெட்டுக்குள் மெஷினை வாங்கினவர், வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லி ஆள், மூன்றாம் நம்பர் பக்கத்தில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஃபோர்மேனும் பத்துப் பதினைந்து பேரும் நின்றிருந்தார்கள். நடுவில் இவள் புருஷன். கையில் பளபளவென்று ஒரு ஷாஃப்ட்.

அவளைப் பார்த்ததும், "வாங்க, அந்த ரிங்கை எடுத்துட்டு வாங்க" என்றார். அவள் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் தன் கையாலேயே போகாத வளையத்தை ஷாஃப்ட் முனையில் வைத்தார். அது இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"நூத்தியிருபதும் இப்படித்தான். மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல, அதை நீங்க தைரியமா எடுத்துட்டுப் போகலாம். அளவு சரியாத்தான் குடுத்துச்சு. நான் அழகு பாக்கறேன்னு தேய்ச்சுக் கெடுத்துட்டேன். தப்பு என் கையோடது."

 அவருடைய இருபத்தாறு வருஷச் சர்வீஸில் அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.  அவளுக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஷெட்டுக்குள் அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை, அதனால் வளையத்தை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

மெஷினை இரண்டு நாள் விட்டுக் கொடுங்கள், புதுசாகச் செய்து அனுப்பிவிடுகிறோம் என்று அவர் கேட்டார். வந்தவர் தாடையைச் சொறிந்தார். லாரி வாடகை, கிரேன் வாடகை என்று ஏதோ முனகினார். கடைசியில், சரி, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். போகிற போக்கில், அந்த வேலை விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷனுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு மெஷின் பக்கம் திரும்பினார்.

தேய்ப்பதற்கு முன்னால் தண்டை லேத்தில் கடைந்து கொடுக்க ஆள் வேண்டுமே. கடைசல்காரர்கள் திங்கட்கிழமையே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபோர்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் நாலு பேர் வந்தார்கள், மத்தியானத்துக்குள் பதினோரு பேர். ஒருவர் காவல்காரச் சட்டையோடு வந்து நின்றார். கூலி என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "என்னப்பா, மூணாம் மெஷினே ரிஜெக்ட் ஆயிடுச்சாமே, அதைப் பாக்கத்தான் வந்தோம்" என்று கிண்டல் செய்துகொண்டே சட்டையைக் கழற்றி மாட்டினார்கள். பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டு வைத்திருந்த எஃகுத் தண்டுகளை முற்றத்திலிருந்து தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக அடங்கிக் கிடந்த ஷெட் மறுபடி இரைந்தது.

முதல் தண்டுகள் கடைசலிலிருந்து வருகிற வரைக்கும் அவள் புருஷன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தள்ளின சாமானைச் சிவப்புப் பெயிண்ட் அடித்து இரண்டாக அறுத்துப் போடுவது அந்தக் கம்பெனியின் விதி. தப்பான சாமான் தப்பித் தவறியும் வெளியே போய்விடக் கூடாது. தன்னுடைய நூற்றிருபதையும் அவரே ரம்பத்தில் வைத்து அறுத்தார். ஞாபகத்துக்கு ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேனே என்று ஃபோர்மேன் கேட்டார். ரிஜெக்ட் பீஸ் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி அதையும் அறுத்தார். அவளோ இன்னொரு காரியம் செய்தாள். ஷெட் முழுக்கத் தேடி, இருந்த உப்புக் காகிதம் அத்தனையையும் வாரிக்கொண்டுபோய்த் தன் மேஜைக்குள் பூட்டினாள். சிரிக்காதவர்கள் கிடையாது, அவரும் சிரித்துவிட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம். சாப்பாடு வீடுகளிலிருந்து தூக்குத் தூக்காக வந்தது, நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இந்தத் தடவை ஷாஃப்டுகளில் முகம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், கல் தேய்த்த மெல்லிய கோடுகளோடு, பார்க்க ஒன்றுமில்லாத சாமான்களாக வந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். போகிறது போயிற்று. போகாதது வாயிலேயே நின்றது. "நின்னுச்சு" என்றாள். முத்திரையைத் தட்டினாள். பக்கத்தில் பேரிங் ஏற்றுகிறவர்களும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். நின்னுச்சு, நின்னுச்சு என்று வேலை ஓடியது. எழுபத்து மூன்றாவது நிற்கவில்லை. அவள் தள்ளி வைத்தாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, அவர் இன்னொரு தண்டை எடுத்து மெஷினில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாப்பாடு கொண்டுவந்தாள். அப்போது கடைசிப் பம்புகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு ஒன்றாக ஒரு அட்டை போட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் பழுது ஏற்பட்டால் கீழ்க்கண்ட விலாசத்துக்குத் தெரிவிக்கவும் என்று அச்சடித்து, கீழே கம்பெனி விலாசம். ஃபோர்மேன் அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். நான்கு மணிக்கு மேல் அந்த விலாசத்தில் ஒரு பூட்டுதான் இருக்கும். போடாமலே அனுப்பிவிடலாமா என்று கேட்டார்.

அவள் புருஷன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அட்டை இல்லாம நம்ம பம்பு போனதில்ல" என்றார். மகளைப் பார்த்தார். "உன் கையெழுத்து நல்லா இருக்கும். கம்பெனி விலாசத்தைக் கோடு போட்டு அடிச்சுட்டு, நம்ம வீட்டு விலாசத்தை எழுது."

"எதுலப்பா?"

"எல்லாத்துலயும்."

அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஃபோர்மேன் சொன்னார். சொன்னாரே தவிர, ஒரு மேஜையைக் காலி செய்து நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். மகள் எழுத ஆரம்பித்தாள். கதவு எண், தெரு, பின்கோடு. கடைசல்காரர்கள் சுற்றி நின்று, காய்ந்த அட்டைகளைப் பெட்டிகளுக்குள் போட்டு மூடினார்கள். வெளியே லாரியைத் திருப்பி நிறுத்தினார்கள். நாற்பது அட்டை முடிந்தபோது மகள் விரலை உதறிக்கொண்டாள். நாளெல்லாம் புகார் கேட்கிறவள் இல்லையா, அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, நிஜமாவே யாராவது பம்பைத் தூக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னா? மெஷினும் இல்ல, கம்பெனியும் இல்ல. என்ன பண்ணுவீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஷெட்டுக்குள் வைத்து அவளை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வர மாட்டாங்க" என்றாள் அவள். "அவர் செஞ்சிருக்கார், நான் பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்து மகள் பக்கம் தள்ளினாள்.